வகுப்பறையா, மாங்கூழ் ஆலையா?

சரக்கு மேலாண்மையின் அடிப்படைகளைக் கிருஷ்ணகிரி மாணவர்களுக்குக் கற்பிக்க இரு வழிகள் உள்ளன. ஒரு தடவைக்கு எவ்வளவு வாங்கினால் மொத்தச் செலவு மிகக் குறையும் என்று கணக்கிட, அமெரிக்கப் பொறியாளர் ஃபோர்டு ஹாரிஸ் 1913-இல் வகுத்த சிக்கனக் கொள்முதல் அளவுச் சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதி, கொள்முதல் ஆணைகளுக்கு ஆகும் செலவும் சரக்கை இருப்பு வைக்கும் செலவும் எந்த அளவில் சமமாகின்றன என்பதை ஒரு மணி நேரத்தில் விளக்கிவிடலாம். ஆனால் அச்சூத்திரம், தேவை ஆண்டு முழுவதும் சீராக இருக்கும், சரக்கும் கெடாது என்றே கொள்கிறது. மாங்கூழ் ஆலை வாசலிலோ, பெங்களூரா ரக மாங்காய் ஏற்றிய லாரிகள் எடைமேடைக்காக வரிசையில் நிற்க, அடியில் கிடக்கும் காய்கள் வெயிலில் கனிந்து நசுங்கிச் சாறு ஒழுகுவதைக் காணும் மாணவருக்கு, காத்திருப்பும் ஒரு செலவே என்பது சொல்லாமலே விளங்கும். பருவம் குறுகியது, வாடகைப் பேருந்து ஏற்பாடு தனித் தலைவலி. ஆயினும் முதலில் ஆலை, பிறகே கரும்பலகை என்ற வரிசையையே நான் தேர்ந்தெடுப்பேன்.