ஆரையம்பதியில் ஒரு சேதன இரசாயன வகுப்பு

உயர்தரத்துக்கு இரண்டாம் தடவை தோற்றுகிறேன். முதல் தடவை படித்தது நகரத்தில் ஒரு பெரிய மண்டப வகுப்பில். அல்டோல் ஒடுங்கலுக்கு, அதாவது காரத்தின் உதவியால் இரண்டு அல்டிகைட்டு அல்லது கீற்றோன் மூலக்கூறுகள் ஒன்றாய் இணையும் தாக்கத்துக்கு, அங்கே கிடைத்தது ஒரே ஒரு சமன்பாடு. "அப்படியே பாடமாக்குங்கள்" என்றார்கள். மாதிரிப் பரீட்சையில் வேறொரு கீற்றோனைக் கொடுத்துக் கேட்டபோது அந்தப் பகுதியை வெறுமையாக விட்டுவிட்டு வந்தேன்.

இப்போது ஞாயிறு காலையில் அப்பாவின் மோட்டார் சைக்கிளில் கொக்கட்டிச்சோலையிலிருந்து மண்முனைப் பாலம் கடந்து மட்டக்களப்புக்கு அருகிலுள்ள ஆரையம்பதிக்குப் போகிறேன். சேர் தன் வீட்டு விறாந்தையில் கற்பிக்கிறார். இருபது பேர்தான்.

ஒடுங்கல் பாடத்தன்று பலகைக்குப் போகும் முன்பே களிமண் உருண்டைகளையும் ஈர்க்குத் துண்டுகளையும் மேசையில் வைத்தார். கரி பூசியது காபன், செங்காவி ஒட்சிசன், சுண்ணாம்பு தடவியது ஐதரசன். எதனல் மூலக்கூறைக் கட்டிவிட்டு என்னிடம் நீட்டினார். "ஐதான சோடியம் ஐதரொட்சைட்டு நீதான். எந்த வெள்ளை உருண்டையைப் பிடுங்குவாய்?" நான் காபனைல் காபனோடு, அதாவது ஒட்சிசனோடு இரட்டைப் பிணைப்பில் நிற்கும் காபனோடு, ஒட்டியிருந்ததைப் பிடித்தேன். பக்கத்துக் காபனில் இருப்பதுதான் கழலும் என்றார். அது போனதும் மிஞ்சும் மறையேற்றம் அந்தக் காபனில் மட்டும் நிற்பதில்லை. இரட்டைப் பிணைப்பு வழியாக ஒட்சிசனும் அதைத் தாங்கிக்கொள்கிறது. நான் பிடித்த ஐதரசன் போனால் அந்தத் தாங்கல் இல்லை. ஒரு வருடம் எனக்கு யாரும் சொல்லாதது இந்த ஒரு விடயம்தான்.

பிறகெல்லாம் தானாக வந்தது. இலத்திரன் மிகுந்த அந்தக் காபன் இன்னொரு எதனலின் காபனைல் காபனைத் தாக்குகிறது. ஒரே மூலக்கூறில் அல்டிகைட்டும் அற்ககோலும் சேர்ந்து நிற்கின்றன. 1872இல் பிரெஞ்சு இரசாயனவியலாளர் வூர்ட்ஸ் அதற்கு அல்டோல் என்று பெயர் வைத்தது இதனால்தான். அதே காலத்தில் இதே தாக்கத்தை ஆராய்ந்த ரஷ்யரான போரடின் இசையமைப்பாளரும்கூட என்று சேர் சொன்னார். அல்டோலை வெப்பமேற்றினால் நீர் வெளியேறி இரட்டைப் பிணைப்பு உருவாகும்.

கடைசியில் செய்தும் காட்டினார். பென்சல்டிகைட்டு இரண்டு பங்கு, அசற்றோன் ஒரு பங்கு, எதனோலில் கரைத்துக் காரம் சேர்த்தார். தெளிந்திருந்த திரவம் சில நிமிடங்களில் மஞ்சளாகக் கலங்கியது, பிறகு குடுவையின் அடியில் மஞ்சள் பளிங்குகள் படிந்தன. பென்சல்டிகைட்டில் கழலக்கூடிய ஐதரசன் இல்லை, அசற்றோனிலோ இரண்டு பக்கமும் உண்டு. ஏன் இரண்டுக்கு ஒன்று என்று அவர் கேட்குமுன் விறாந்தை முழுவதும் பதில் சொல்லிவிட்டது.

குறையும் சொல்ல வேண்டும். தகரக் கூரை, பத்து மணிக்குமேல் வெக்கை தாங்க முடியாது. அச்சிட்ட குறிப்பு தருவதில்லை. நீங்களே எழுத வேண்டும். பௌதிக இரசாயனத்துக்கு வேறு வகுப்பு தேடிக்கொள்ளுங்கள்.

போன வாரம் ஆளுக்கொரு கறுவாப்பட்டைத் துண்டு கொடுத்து, அந்த வாசனைக்குக் காரணமான சின்னமல்டிகைட்டை எந்த இரண்டு அல்டிகைட்டுகளிலிருந்து ஆக்கலாம் என்று எழுதிவரச் சொன்னார். பென்சல்டிகைட்டு, எதனல் என்று எழுதினேன். புரோத்தன் (கழலும் அந்த ஐதரசன்) எதனலிலிருந்து போவதற்கு அம்புக்குறியும் போட்டேன். யாரிடமும் கேட்கவில்லை.

நகரத்திலிருந்து வருபவர்கள் கல்முனை பஸ்ஸில் ஏறி ஆரையம்பதியில் இறங்கலாம். எட்டு மணிக்குமுன் வந்தால் மாமரத்துப் பக்கம் இடம் கிடைக்கும்.