“எல்லாம் அடங்கிய கிறிஸ்துமஸ் கேக் பெட்டி”: வாங்கும் முன் படியுங்கள்

டிசம்பர் நெருங்கும்போது இணையக் கடைகளில் வரிசையாக முளைக்கும் “எல்லாம் அடங்கிய” பேக்கிங் பெட்டிகளில் ஒன்றை வாங்கி ஏமாந்த கதை இது. உள்ளே இருந்தவை: ரம்மில் ஊறவைத்த பழ ஜாடி, பாதாம் மாவு, பட்டைத்தூள், வெனிலா, டார்க் சாக்லேட், பேக்கிங் பவுடர், தங்கத்தூள், ஒரு கேக் டின். இந்த எட்டில் சொன்னபடி இருந்தது பேக்கிங் பவுடர் மட்டும். விற்றவர் பெயரைப் போடுவதால் பயனில்லை. அதே ஜாடியும் அதே டின்னும் நாலைந்து பெயர்களில், வேறு வேறு அட்டைப்படத்தோடு விற்பனையில் இருக்கின்றன. ஒன்றைத் தவிர்த்தால் இன்னொன்றில் மாட்டுவீர்கள். அதனால் பொருளைப் பார்த்தே பிடிப்பது எப்படி என்று எழுதுகிறேன்.

இந்த ஏமாற்று பெரும்பாலும் வெளியே தெரியாமல் போவதற்கு ஒரு காரணம் உண்டு. கேக் நடுவில் வேகவில்லை, பழம் அடியில் தங்கிவிட்டது, கனாஷ் (சாக்லேட்டும் கிரீமும் சேர்ந்த பூச்சு) இறுகவில்லை என்றால் யாரும் பொட்டலத்தைச் சந்தேகிப்பதில்லை. ஓவனைத் திட்டுவோம், இல்லாவிட்டால் கைப்பக்குவம் போதாது என்று நினைத்துக்கொள்வோம். விற்பவருக்கு அதுதான் வசதி.

பழ ஜாடியிலிருந்து தொடங்குகிறேன், மோசடியும் அதில்தான் அதிகம். ஜாடியில் “நிகர எடை 1 கிலோ”. கண்ணறை வடிகட்டியில் கொட்டி அரை மணி நேரம் விட்டு எடை போட்டால் பழம் 580 கிராம். மீதி முழுக்கச் சர்க்கரைத் தண்ணீர். நிகர எடை என்பதில் பாகும் சேர்ந்துவிடும். நாம் பார்க்க வேண்டியது “வடித்த எடை” என்ற வரி, அது ஜாடியில் எங்குமே இல்லை. ஒழுங்காக ஊறவைத்த உலர்பழம் எப்படி இருக்கும் என்றால், 1 கிலோ பழத்துக்கு 150 முதல் 200 மி.லி. ரம்மோ ஆரஞ்சுச் சாறோ ஊற்றி, தினம் ஒருமுறை கிளறிவிட்டால் சில நாளில் முழுவதையும் பழமே குடித்துவிடும். ஜாடியைச் சாய்த்தால் அடியில் பளபளவென்று கொஞ்சம் ஈரம் ஓடும், அவ்வளவுதான். பழம் மிதக்கிற ஜாடி என்றாலே தண்ணீருக்குக் காசு கொடுக்கிறோம் என்று அர்த்தம்.

அதை அப்படியே மாவில் கொட்டினால் என்ன ஆகும்? 20 செ.மீ. வட்ட டின்னுக்கான வழக்கமான அளவு இது: மைதா, வெண்ணெய், பழுப்புச் சர்க்கரை தலா 225 முதல் 250 கிராம், முட்டை 4, உலர்பழம் 900 கிராம் முதல் 1 கிலோ. இந்த மாவு கெட்டியாக, கரண்டியிலிருந்து தயங்கித் தயங்கி விழ வேண்டும். பழத்தைத் தாங்கிப் பிடிப்பதே அந்தக் கெட்டித்தன்மைதான். இதில் 400 கிராம் பாகு கலந்தால் மாவு ஓடும், பழம் கீழே இறங்கும். 150 டிகிரியில் மூன்று மணி நேரம் வைத்தாலும் நடுவில் பிசுபிசுப்பான ஒரு பட்டை வேகாமல் நிற்கும். பழத்தில் மைதாவைப் புரட்டிப் போட்டால் மூழ்காது என்ற யோசனை இங்கே உதவாது. மாவே தண்ணியாக இருக்கும்போது மேலே ஒட்டிய மைதா கரைந்துவிடும்.

ஏற்கெனவே இப்படியொரு ஜாடி வந்து சேர்ந்திருந்தால் தூக்கிப் போட வேண்டாம். இரவு முழுக்க வடியவிட்டு, பருத்தித் துணியில் ஒற்றி எடுத்து, வடித்த எடையை மட்டும் கணக்கில் வையுங்கள். குறையும் அளவுக்குச் சாதாரணத் திராட்சை சேருங்கள். வடிந்த பாகைப் பாதியாக வற்றவைத்தால் வெந்த கேக்கின் மேல் பூச உதவும்.

பழத்துக்குள்ளும் புரட்டு. அட்டையில் செர்ரி, ஆரஞ்சுத் தோல், திராட்சை. ஜாடியில் முக்கால்வாசி சிவப்பு, பச்சை, மஞ்சள் சதுரங்கள், அதாவது சாயமேற்றிய பப்பாளிக்காய். டூட்டி ஃப்ரூட்டி என்று சொல்லி விற்றிருந்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை, அதற்கென்று ஓர் இடம் உண்டு. செர்ரி என்று எழுதி இதை அடைப்பதுதான் மோசடி. ஒன்றைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். செர்ரியில் தோலும், கொட்டை எடுத்த குழியும் தெரியும். ஆரஞ்சுத் தோலில் ஒரு பக்கம் நுண்ணிய துளைகள், மறுபக்கம் வெள்ளைச் சதை. பப்பாளி உள்ளும் புறமும் ஒரே நிறம், தோலே கிடையாது. வெந்நீரில் போட்டால் பல சமயம் சாயம் இறங்கிவிடும். கேக்கின் நிறமும் அதனால் கெடும்.

ரம்? பின்பக்கத்துப் பொடி எழுத்தில் “ரம் ஃபிளேவர்”. மணத்தோடு போகிற விஷயமில்லை இது. பண்டிகைக்குப் பல வாரம் முன்பே சுட்டு, வாரம் ஒரு முறை ரம் ஊட்டி வைக்கும் கேக் கெடாமல் நிற்பதில் சாராயத்துக்குப் பெரிய பங்கு உண்டு. எசன்ஸ் கலந்த தண்ணிப் பாகை ஊட்டினால் பூஞ்சைக்குச் சாப்பாடு போட்டதாகிவிடும். சாராயம் வேண்டாதவர்கள் சாற்றில் ஊறவைத்து, கேக்கை ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடலாம், அல்லது இறுகச் சுற்றி உறைநிலைப் பெட்டியில் வைக்கலாம். வெளுத்த மஞ்சள் திராட்சையும் பளிச்சென்ற ஆப்ரிகாட்டும் இருந்தால் சல்பைட் (நிறம் மங்காமல் காக்கச் சேர்ப்பது) என்ற வரியையும் தேடுங்கள். ஆஸ்துமா உள்ள சிலருக்கு அது மூச்சுத்திணறலைத் தூண்டும். கிலோவுக்கு 10 மி.கி.க்கு மேல் இருந்தால் எழுத வேண்டும் என்பது பல நாடுகளில் சட்டம்.

அடுத்து சாக்லேட். முகப்பில் “பிரீமியம் டார்க்”. உட்பொருள் வரிசை: சர்க்கரை, ஹைட்ரஜனேற்றிய பனங்கொட்டை எண்ணெய், கோகோ தூள். அப்படியென்றால் அது காம்பவுண்ட், அதாவது கோகோ வெண்ணெய்க்குப் பதில் வேறு கொழுப்பு சேர்த்த போலி சாக்லேட். அசல் சாக்லேட்டில் கோகோ மாஸ் (அரைத்த கோகோ விழுது), கோகோ வெண்ணெய் என்ற இரண்டும் இருக்கும். ஒரு துண்டை வாயில் போட்டாலே வித்தியாசம் தெரியும். கோகோ வெண்ணெய் 34 டிகிரி வாக்கில் உருகுவதால் நாக்கில் சட்டென்று கரைந்து போகும். பல காம்பவுண்டுகள் மேலண்ணத்தில் மெழுகுப் படலத்தை விட்டுச் செல்லும்.

காம்பவுண்டை இழிவாகப் பேசவில்லை. பிஸ்கட் முக்கவும் அச்சில் வார்க்கவும் அது சுலபம், டெம்பரிங் (பளபளப்பாக இறுகுவதற்காகச் சூட்டை ஏற்றி இறக்குவது) தேவையில்லை, 45 டிகிரிக்கு உருக்கினால் போதும். அசல் டார்க் சாக்லேட்டையோ 45 முதல் 50 டிகிரிக்கு உருக்கி, 27 அல்லது 28க்கு இறக்கி, மறுபடி 31, 32க்கு ஏற்றிய பிறகுதான் வேலை செய்ய வேண்டும். ஆபத்து எங்கே என்றால், இது அசல் என்று நம்பி, வீட்டில் இருக்கும் அசலோடு பாதிக்குப் பாதி கலக்கும்போது. பனங்கொட்டைக் கொழுப்பும் கோகோ வெண்ணெயும் ஒத்துப்போகாது. இரண்டும் தனித்தனியாக இறுகும் சூட்டைவிடக் குறைந்த சூட்டிலேயே கலவை இளகிவிடும். விரல் பட்டால் அழுந்தும், சில நாளில் மேலே வெள்ளை பூக்கும். எத்தனை முறை டெம்பர் செய்தாலும் சரியாகாது. ட்ரஃபிள் என்ற சாக்லேட் உருண்டை இறுகாமல் தவிக்கிறவர்கள் முதலில் பொட்டலத்தின் பின்பக்கத்தைப் பார்க்கவும்.

பாதாம் மாவில் மலிவு மாவு கலந்திருந்தது. வீட்டிலேயே பிடிக்கலாம். ஒரு தேக்கரண்டி மாவை அரை கப் தண்ணீரில் கொதிக்கவிட்டு, முழுக்க ஆறிய பின் மருந்துக்கடை அயோடின் இரண்டு சொட்டு விடுங்கள். சூட்டில் விட்டால் நிறம் வராது. பாதாமில் ஸ்டார்ச் மிகக் குறைவு என்பதால் அயோடினின் பழுப்பு பழுப்பாகவே நிற்கும். அரிசி மாவோ சோள மாவோ கலந்திருந்தால் கருநீலமாகிவிடும். சோதித்ததைக் கொட்டிவிடுங்கள், அது சாப்பிட அல்ல. இப்படிப்பட்ட மாவில் மார்சிபான் (பாதாம்-சர்க்கரை விழுது) பிசைந்தால் பசை மாதிரி இழுக்கும், மக்கரூன் உப்பாமல் தட்டையாகப் பரவும்.

வேர்க்கடலைக் கலப்பை இந்தச் சோதனையை நம்பி முடிவுசெய்ய முடியாது. பயப்பட வேண்டியதும் அதற்குத்தான். வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள ஒருவர் உங்கள் மேசையில் உட்காரப் போகிறார் என்றால் அடையாளம் தெரியாத பாதாம் மாவைத் தொடாதீர்கள். ஆப்ரிகாட் பருப்பில் அரைத்ததும் பாதாம் என்ற பெயரில் வரும். வெளிப்படையாக விற்கும்போது அதன் விழுது பெர்சிபான் எனப்படும். பாதாம் எசன்ஸ் வாசனை மூக்கைத் துளைத்தால் சந்தேகியுங்கள், இனிப்புப் பாதாமுக்கு இயல்பில் அவ்வளவு வாசனை கிடையாது. முழுப் பாதாமை வாங்கி நீங்களே அரைப்பது அப்படியொன்றும் பெரிய வேலையில்லை: கொதிநீரில் ஒரு நிமிடம், பிறகு குளிர்ந்த நீர், தோலைப் பிதுக்கி எடுத்து, 100 டிகிரி ஓவனில் ஈரம் போகும்வரை காயவிட்டு, முழுக்க ஆறிய பின் அரைக்கவும். கேக்குக்கான சர்க்கரையில் கொஞ்சத்தைச் சேர்த்து, விட்டு விட்டு அரைத்தால் எண்ணெய் கக்காது.

பட்டைத்தூள் “சிலோன்” என்றது. வந்தது காசியா, அதாவது வேறொரு மரத்தின் மலிவான பட்டை. தூளில் கண்டுபிடிப்பது கடினம், காரமும் கருஞ்சிவப்பும்தான் குறிப்பு. சுருளாக வாங்கினால் ஏமாற்ற முடியாது: அசலில் காகிதம் போன்ற மெல்லிய அடுக்குகள் பல, கையாலேயே நொறுங்கும், காசியா ஒற்றைத் தடித்த பட்டை, மிக்ஸியை மிரட்டும். காசியாவில் கூமரின் என்ற இயற்கை வேதிப்பொருள் பல மடங்கு அதிகம், அளவு மீறினால் ஈரலுக்குக் கெடுதி. ஐரோப்பிய ஒன்றியம், பட்டை சேர்ந்த பண்டிகைக்காலப் பாரம்பரிய பேக்கரிப் பண்டங்களுக்கென்றே கிலோவுக்கு 50 மி.கி. என்று கூமரினுக்கு உச்சவரம்பு வைத்திருக்கிறது. ஒரு துண்டு கேக்கால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. மாதம் முழுக்கப் பட்டை பிஸ்கட் தின்னும் சிறு குழந்தைக்குத்தான் கணக்கு மாறும்.

வெனிலா பற்றி ஒரு வரி போதும். முகப்பில் “எக்ஸ்ட்ராக்ட்”, பின்னால் தண்ணீர், புரொப்பிலீன் கிளைகால், வனிலின் (செயற்கை வெனிலா மணம்), கேரமல் நிறம். மசாலாவும் பழமும் நிறைந்த கேக்கில் வனிலின் எசன்ஸே தாராளமாகப் போதும், ஆனால் அதை அந்தப் பெயரில் அந்த விலைக்கு விற்கட்டும்.

இனி தங்கத்தூள். மற்றவற்றில் போவது காசும் கேக்கும், இதில் போவது உடம்பு. டப்பியில் இருந்த வார்த்தை “நச்சற்றது”. “உண்ணத்தக்கது” என்று எங்கும் இல்லை, உட்பொருள் பட்டியலும் இல்லை. இந்த இரண்டு சொல்லும் ஒன்றல்ல. நச்சற்றது என்பது பள்ளிக்கூடப் பசைக்கும் பொருந்தும். அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் 2018ல் இப்படிப்பட்ட மினுக்குத்தூள் பூசிய பிறந்தநாள் கேக்கைத் தின்ற 6 குழந்தைகள் வாந்தியெடுத்தார்கள். தூளில் இருந்தது செம்பு. அந்நாட்டு நோய்த்தடுப்பு மையம் 2021ல் அதை அறிக்கையாகவே வெளியிட்டது.

உண்ணத்தக்க மினுக்கில் சர்க்கரை, கருவேல வகைப் பிசின், மால்டோடெக்ஸ்ட்ரின், சோள மாவு, அனுமதி பெற்ற நிறமி என்று பட்டியல் இருக்கும். ஒரு சிட்டிகையை வெந்நீரில் போட்டால் பிசினால் செய்த செதில் இளகிக் கரையும், பிளாஸ்டிக் செதில் அப்படியே மிதக்கும். நுண்தூளுக்கு மட்டும் இந்தச் சோதனையை நம்பாதீர்கள். உண்ணத்தக்க தூளில் உள்ள மைக்கா என்ற மினுக்குக் கனிமமும் கரையாது, உலோகத் தூளும் கரையாது. பட்டியல் இல்லாத தூள் கேக்கின் பக்கமே வரக்கூடாது. இன்னொரு தந்திரத்தையும் சொல்ல வேண்டும்: இந்தத் தூள் விற்பனைப் பக்கத்தில் உணவுப் பிரிவில் இல்லை, கைவினைப் பொருள் பிரிவில் இருந்தது. கேட்டபோது வந்த பதில், “அது அலங்காரத்துக்கு மட்டும்”. கேக் பெட்டிக்குள் வைத்து விற்றுவிட்டு!

டின்: 20 செ.மீ. என்பது வெளி விளிம்பின் அளவு. உள்ளே அடிப்பாகம் 17.5. பரப்பில் கிட்டத்தட்ட கால்பங்கு போய்விட்டது. 7.5 செ.மீ. உயரத்தில் 2.3 லிட்டருக்கு மேல் பிடிக்க வேண்டிய டின் 1.8 லிட்டர்தான் பிடிக்கிறது. மாவை முழுக்க ஊற்றினால் வழியும், வழியாவிட்டால் உயரம் கூடி நடு வேகாது. எந்தப் புது டின்னையும் தண்ணீர் ஊற்றி அளந்து பாருங்கள், மாவை முக்கால் பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள்.

புகாருக்கு முதலில் கிடைத்த பதில் “பண்டிகைக்காலப் பொருட்களுக்குத் திரும்பப் பெறும் வசதி இல்லை”. அடுத்தது “திறந்த உணவுப் பொருளை ஏற்க மாட்டோம்”. திறக்காமல் எப்படித் தெரியும் என்ற கேள்விக்குப் பதிலே இல்லை. கடைசியில் வேலை செய்தது, தரத்தைப் பற்றிய வாதத்தை விட்டுவிட்டு எழுத்துப் பொருத்தமின்மையைக் காட்டியதுதான். விற்பனைப் பக்கத்தில் “டார்க் சாக்லேட்”, பொட்டலத்தில் பனங்கொட்டை எண்ணெய். பக்கத்தில் “ரம்”, ஜாடியில் ஃபிளேவர். பக்கத்தில் 20, அளவுகோலில் 17.5. இவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எடுத்த படங்களை இணையத்தளத்துக்கே அனுப்பியதும் பாதித் தொகை திரும்பியது. ஆகவே பணம் கட்டும் அன்றே விற்பனைப் பக்கத்தைத் திரைப்பிடிப்பு எடுத்து வையுங்கள், புகார் போனதும் அந்த வரிகளை மாற்றிவிடுகிறார்கள். ஜாடியைத் திறக்கும் முன் முத்திரையோடு எடையில் வைத்து ஒரு படம், வடித்த பின் ஒரு படம். தங்கத்தூளைத் திருப்பி அனுப்பச் சொன்னாலும் உணவுப் பாதுகாப்புத் துறைக்குப் புகார் எழுதி முடிக்கும்வரை டப்பியைக் கையிலேயே வைத்திருங்கள்.