கட்டியை மட்டும் எடுப்பதா, பாதையோடு எடுப்பதா?

கழுத்தின் நடுவில் ஒரு கட்டி. குழந்தை நாக்கை நீட்டினால் அதுவும் மேலே ஏறுகிறது. பெரும்பாலும் அது தைரோகுளோசல் நீர்க்கட்டிதான். கருவில் தைராய்டு நாக்கின் அடியிலிருந்து இறங்கி வந்த பாதை முழுதாக மறையாமல் போனதன் மிச்சம்.

கட்டியை மட்டும் எடுப்பது சின்ன ஆபரேஷன். நாக்கின் அடிக்குக் கீழே கழுத்தில் இருக்கும் ஹையாய்டு எலும்பைத் தொட வேண்டாம் என்பதால் பெற்றோருக்கும் அதுவே பிடிக்கும். ஆனால் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கட்டி திரும்பிவிடுகிறது. பாதை ஹையாய்டு எலும்பை ஒட்டியே ஏறுகிறது. அதன் நுண்கிளைகள் கண்ணுக்குத் தெரியாது.

1920இல் அறுவை மருத்துவர் சிஸ்ட்ரங்க் விவரித்த முறையில் கட்டி, ஹையாய்டின் நடுத்துண்டு, நாக்கின் அடிவரை உள்ள தசையின் மையம் மூன்றும் ஒன்றாக வெளியே வரும். திரும்பி வருவது பொதுவாக 10 சதவீதத்துக்கும் கீழே. நடுத்துண்டு போவதால் பேச்சோ விழுங்குவதோ கெடுவதில்லை. என் ஓட்டு தயங்காமல் இதற்கே.

ஆபத்து இருப்பது வெட்டும் இடத்தில். நடுக்கோட்டை விட்டுப் பக்கவாட்டில் அதிகம் போனால் நாக்கை அசைக்கும் ஹைப்போகுளோசல் நரம்பு அடிபடலாம். சிறு குழந்தைகளுக்கு ஹையாய்டு, குரல்வளையின் தைராய்டு குருத்தெலும்பை ஒட்டி, அதன்மேல் சற்றே கவிந்திருக்கும். ஒன்றை இன்னொன்றாக எண்ணி வெட்டினால் குரலும் மூச்சுப்பாதையும் பாழ். விரலால் இரண்டையும் பிரித்து உணர்ந்த பிறகே கத்தி வைக்க வேண்டும். அதற்கும் முன்னால் அல்ட்ராசவுண்ட் அவசியம்: சிலருக்கு அந்தக் கட்டிதான் உடம்பில் இருக்கும் ஒரே தைராய்டு!

இடது கழுத்தின் கீழே அடிக்கடி சீழ் பிடிக்கும் பைரிஃபார்ம் சைனஸ் பாதையில் (தொண்டையின் பக்கக் குழியிலிருந்து கழுத்துக்குள் இறங்கும் பிறவிப் பாதை) என் கணக்கு தலைகீழ். வெளியிலிருந்து திறந்தால், பலமுறை பழுத்து இறுகிய தழும்புக்குள் குரல் நாணுக்குப் போகும் நரம்பைத் தேட வேண்டியிருக்கும். வாய் வழியாக எண்டோஸ்கோப் விட்டு உள்துவாரத்தைச் சுட்டு மூடினால் கழுத்தில் கீறலே இல்லை. சிலருக்கு மறுபடி சுட வேண்டிவரும். குரல் சில நாள் கம்முவதும் உண்டு. இருந்தாலும் முதல் முயற்சியாக இதையே கேட்பேன்.

எதுவானாலும், பழுத்திருக்கும்போது ஆபரேஷன் வேண்டாம். மருந்தில் சீழ் அடங்கி, வீக்கம் வடிய வாரக்கணக்கில் பொறுப்பதே நல்லது.