கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக் கோடை முகாம்: வாய்க்கால் வகுப்புக்கு முழு மதிப்பெண், நுழைவுத் தேர்வுக்கு இல்லை

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறைக்கும் வேலந்தாவளத்துக்கும் இடையில், மீத்திறன் மிக்க பிள்ளைகளுக்கென ஒரு தனியார் அறக்கட்டளை கோடை விடுமுறையில் பகல்நேர முகாம் ஒன்றை நடத்துகிறது. விஷு முடிந்த கையோடு தொடங்கி மே மாதத் தொடக்கத்தில் முடிகிறது. ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை முடித்தவர்கள் தேர்வு எழுதிச் சேரலாம். எங்கள் மகள் இந்த ஆண்டு அதில் படித்தாள். அடுத்த ஆண்டு பிள்ளையை அனுப்பலாமா என்று யோசிக்கும் சித்தூர், பொள்ளாச்சிப் பக்கத்துப் பெற்றோருக்கு இது பயன்படலாம்.

முகாமில் உருப்படியாக நடந்தது ஒரு வாய்க்கால் வகுப்பு. இந்தப் பகுதியில் தண்ணீர்ப் பேச்சு இல்லாத வீடே இல்லை. பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி தமிழ்நாடு ஆண்டுதோறும் மணக்கடவு அணைக்கட்டில் கேரளத்துக்கு 7.25 டி.எம்.சி. (725 கோடி கன அடி) தண்ணீர் தர வேண்டும் என்பதை இங்குள்ள தேநீர்க் கடைகளில் யாரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். ஆனால் ஓடும் தண்ணீரை எப்படி அளப்பது என்று கேட்டால் பெரியவர்களே விழிப்பார்கள். கிளை வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்று தெரிந்தவுடன், அன்று நடக்க வேண்டிய வடிவியல் வகுப்பை ஒத்திவைத்துவிட்டுப் பிள்ளைகளை முழங்கால் ஆழமுள்ள ஓர் இடத்துக்கு மாஷ் (ஆசிரியரை இங்கே அப்படித்தான் அழைப்பார்கள்) அழைத்துச் சென்றார். அட்டவணையை இப்படி மடக்கத் தெரிந்த ஆசிரியரைப் பள்ளிக்கூடங்களில் காண்பது அரிது.

கரையோரமாக 10 மீட்டர் அளந்து இரண்டு முனையிலும் கயிறு கட்டினார்கள். முதலில் ஒரு தெர்மாகோல் துண்டை மிதக்க விட்டார்கள். பாலக்காட்டுக் கணவாயின் காற்று அதைக் கரைப்பக்கம் தள்ளிக்கொண்டே போனது. காற்றில் படாமல் மிதக்கும் பொருள் எது என்று பிள்ளைகளே விவாதித்து, தண்ணீரில் பெரும்பகுதி மூழ்கி மிதக்கும் எலுமிச்சம்பழத்துக்கு வந்து சேர்ந்தார்கள். நடுவில் விட்ட பழம் விரைந்தது, கரையோரம் விட்டது பின்தங்கியது. குறுக்கே பல இடங்களில் ஆழம் அளந்து, வெட்டுப்பரப்பைக் கணக்கிட்டு, வேகத்தால் பெருக்கினார்கள். மேற்பரப்பு நீர் அடிநீரைவிட வேகமாக ஓடுவதால், கிடைத்த விடையை 0.85-ஆல் பெருக்க வேண்டும் என்பது நடைமுறை. அந்த எண் எங்கிருந்து வந்தது என்று ஒரு பையன் கேட்டான். மாஷ் விடை சொல்லவில்லை. மூங்கில் குச்சியின் அடியில் இரும்பு நட்டுகளைக் கட்டி, கிட்டத்தட்ட தரையைத் தொடுமளவு நிமிர்ந்து மிதக்கும் ஒரு கோலைச் செய்யச் சொல்லி, அதன் வேகத்தையும் பழத்தின் வேகத்தையும் ஒப்பிடச் சொன்னார். அவர்களுக்குக் கிடைத்த விகிதங்கள் பெரும்பாலும் 0.8-க்கும் 0.9-க்கும் இடையில் விழுந்தன. அந்த ஒற்றைக் கேள்விக்கு ஒரு முற்பகல் முழுவதும் போனது. போனதில் எனக்கு வருத்தம் இல்லை.

அன்றிரவு எங்கள் மகள் 7.25 டி.எம்.சி.யை ஆண்டின் விநாடிகளால் வகுத்து, அந்தத் தண்ணீர் ஒரே சீராக வந்தால் விநாடிக்கு ஏறத்தாழ 230 கன அடி, அதாவது 6.5 கன மீட்டர் என்று கண்டாள். "அப்பா, நாங்க அளந்த வாய்க்கால் மாதிரி எத்தனை வேணும்னு நாளைக்குப் பார்க்கணும்" என்று சொல்லிவிட்டுத்தான் படுத்தாள். மீத்திறன் பிள்ளைக்கு வேண்டியது அடுத்த வகுப்புப் பாடத்தை முன்கூட்டி முடிப்பதன்று. கையிலுள்ள கேள்வியை அதன் அடிவரை கொண்டுபோக நேரமும், குறுக்கே விடை சொல்லாத ஒரு பெரியவரும் வேண்டும். இந்த முகாமின் காலை வகுப்புகளில் இரண்டும் கிடைத்தன.

நிழலில்லா நாளையும் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டார்கள். இந்த அட்சரேகையில் ஏப்ரல் 18-ஐ ஒட்டிச் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. முற்றத்தில் நட்ட கம்பின் நிழல் காணாமல் போனது 12 மணிக்கன்று, சுமார் 12.22-க்கு. நம் கடிகாரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையின் நேரத்தைக் காட்டுகிறது, நாமோ அதற்கு மேற்கே இருக்கிறோம் என்பதைப் பிள்ளைகள் தாங்களே பிடித்தார்கள்.

இத்தகைய வகுப்புக்குள் நுழையும் வாசல்தான் கோணலாக இருக்கிறது. ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குப் பத்தாம் வகுப்புத் தரத்தில் வினாத்தாள் தருகிறார்கள். அதில் தவறில்லை. பள்ளித் தேர்வில் நூற்றுக்கு நூறு வாங்கிய இருவரில் யாருக்கு இன்னும் எவ்வளவு எட்டும் என்பதை அதே தரத்துத் தேர்வு காட்டாது என்பதால், 1972-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜூலியன் ஸ்டான்லி, கல்லூரிச் சேர்க்கைக்கான சாட் தேர்வின் கணக்குப் பகுதியை ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கே வைத்தார். அந்த வழியைத்தான் இவர்களும் பின்பற்றுகிறார்கள். ஆனால் வினாத்தாள் ஆங்கிலத்தில் மட்டுமே இருக்கிறது. கணக்குகளோ அரைப் பக்க நீளத்துக்குக் கதை சொல்கின்றன. தமிழ்வழிப் பிள்ளைகள் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வையே தமிழில் எழுதும் மாநிலத்தில், தமிழ்வழிப் பள்ளிகள் நிறைந்த ஒரு தாலுகாவில் இப்படித் தேர்வு வைத்தால், அளக்கப்படுவது கணக்கறிவா ஆங்கிலமா என்று அமைப்பாளர்கள் கேட்டுப் பார்த்திருக்க வேண்டும். எங்கள் மகளின் குழுவில் தமிழ்வழியில் படித்தவர் ஒருவரும் இல்லை. அதைவிட வேடிக்கை, உள்ளே வகுப்புகள் முழுக்கத் தமிழிலும் மலையாளத்திலுமே நடந்தன! வினாத்தாளை மூன்று மொழிகளில் அச்சிடுவது பெரிய செலவன்று. அதுவும் முடியாதென்றால், 1938 முதல் புழக்கத்தில் இருக்கும் ரேவனின் வடிவ வரிசைத் தேர்வைப்போல எழுத்தே தேவைப்படாத ஒன்றையாவது உடன் வைக்கலாம். கேரளப் பள்ளிப் பிள்ளைகளுக்கான அரசுத் தேர்வுகளான எல்.எஸ்.எஸ்., யு.எஸ்.எஸ். எழுதி உதவித்தொகை பெற்றவருக்குக் கூடுதல் மதிப்பெண் தருவதையும் நிறுத்த வேண்டும்; அந்தத் தேர்வுகளுக்கென்று தனிப்பயிற்சிக்குப் போகும் பிள்ளைகளுக்கு அது இன்னொரு சலுகையாகிறது.

பிற்பகலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தகரக் கூரையின் கீழ் ஏப்ரல் வெயிலில் இரண்டு மணிக்கு மேல் யாராலும் யோசிக்க முடியாது. அந்த நேரத்தில் நடந்த ரோபோ வகுப்பு, பெட்டியோடு வந்த படத்தைப் பார்த்துத் திருகாணி முடுக்குவதோடு முடிந்தது. கஞ்சியும் பயறும் அருமை. வேலந்தாவளத்திலிருந்து வேன் வருகிறது. கோபாலபுரம் பக்கத்திலிருந்து வருபவர்கள் தாங்களே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். நிறைவு நாளில் கோப்பைகளும் தரவரிசையும் வழங்கியது முகாமின் போக்குக்கே ஒவ்வாதது.

அடுத்த ஆண்டும் மகளை அனுப்புவோம். சேர்க்க விரும்புவோர் விண்ணப்பம் வாங்கும்போதே தமிழ் வினாத்தாள் உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். பலர் கேட்டால்தான் மாற்றுவார்கள். இன்னொன்று, பிள்ளைகளின் அளவைக் குறிப்பேடுகளைக் கண்காட்சிக்கென்று வாங்கிய அலுவலகம் இன்னும் திருப்பித் தரவில்லை. அடுத்த முறை தண்ணீர் திறக்கும்போது அளந்து ஒப்பிடுவதற்கு அவை வேண்டும் என்று பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். ஜூன் 1-இல் பள்ளி திறப்பதற்குள் அவற்றைத் தரும்படி பெற்றோர் சிலர் கையெழுத்திட்டுக் கடிதம் கொடுத்திருக்கிறோம்.