ஹெட்லைட் கிளாஸை வீட்டில் செய்ய: அக்ரிலிக் ஷீட்டா, பாலிகார்பனேட்டா?

உற்பத்தி நின்றுபோன காருக்கு ஹெட்லைட் கிளாஸ் தனியாகக் கிடைப்பது அரிது. 3 மி.மீ. ஷீட்டைச் சூடாக்கி, அச்சின் மேல் படியவைத்துத் தாங்களே செய்துகொள்கிறவர்கள் உண்டு. அதற்குக் கடையில் கிடைப்பவை இரண்டு: அக்ரிலிக், பாலிகார்பனேட். இரண்டில் எது குமரி மாவட்டத்து ஈரத்துக்கும் வெயிலுக்கும் தாங்கும்? சாலையில் ஓடும் வண்டிக்குப் பாலிகார்பனேட் மட்டும்தான். அக்ரிலிக் ஒத்திகைக்கு நல்லது, அதற்கு மேல் வேண்டாம்.

ஷீட் வாங்கும் முன் பழைய கிளாஸை ஒருமுறை உற்றுப் பாருங்கள். அம்பாசிடர், பிரீமியர் பத்மினி போன்றவற்றின் 7 அங்குல வட்டக் கண்ணாடியில் கோடு கோடாக வார்ப்பு இருக்கும். வெளிச்சத்தைச் சாலையில் பரப்புவது அந்தக் கோடுகள்தான். அங்கே வழவழப்பான ஷீட்டை மாட்டினால் வெளிச்சம் சிதறி எதிரே வருகிறவர் கண்ணைக் கூசவைக்கும். அந்த 7 அங்குல விளக்கு இன்றும் புதிதாகவே கிடைக்கிறது, அதை வாங்கிப் போடுவதே சரி. ரிஃப்ளெக்டரோ (பல்புக்குப் பின்னால் உள்ள பளபளப்பான கிண்ணம்) புரொஜெக்டரோ (பல்புக்கு முன்னால் உள்ள உருண்டை லென்ஸ்) வெளிச்சத்தை வடிவமைக்க, கிளாஸ் வெறும் மூடியாக இருக்கும் விளக்குகளுக்கு மட்டுமே இந்த வேலை பொருந்தும்.

அக்ரிலிக் ஷீட் பெயர்ப்பலகை செய்யும் கடைகளில் துண்டாகவே கிடைக்கும். பாலிகார்பனேட்டை கூரை ஷீட் விற்கிறவர்களிடம் ‘காம்பாக்ட் ஷீட்’ என்று கேட்க வேண்டும். வெறுமனே பாலிகார்பனேட் என்றால் உள்ளே குழல் குழலாக இருக்கும் மல்டிவால் ஷீட்டையோ, புள்ளி புள்ளியாக எம்பாஸ் செய்ததையோ எடுத்து நீட்டுவார்கள். இரண்டும் உதவாது. சந்தேகம் இருந்தால் ஓரத்தில் ஒரு கீற்று வெட்டி மடக்கிப் பாருங்கள்: அக்ரிலிக் படக்கென்று ஒடியும், பாலிகார்பனேட் ஒடியாமல் வளையும். கீறல் விழாத ‘ஹார்டு கோட்’ ஷீட் என்று கூடுதல் விலைக்குத் தருவதை வாங்காதீர்கள். சூடாக்கி வளைக்கும்போது அந்தப் பூச்சு பொதுவாக வெடித்துவிடும். தேவை, ஒரு பக்கம் வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் யு.வி. அடுக்கோடு வரும் சாதாரண ஷீட். எந்தப் பக்கம் யு.வி. என்று பாதுகாப்பு ஃபிலிமில் அச்சிட்டிருப்பார்கள். ஃபிலிமை உரிக்கும் முன் ஓரத்தில் அடையாளம் போட்டுக்கொள்ளுங்கள், அந்தப் பக்கம் வெளியே வரவேண்டும்.

பாலிகார்பனேட் நம் ஊரில் தோற்கும் இடம் ஒன்றுதான்: ஈரம். பார்வைக்குக் காய்ந்த ஷீட்டாக இருந்தாலும் காற்றிலுள்ள ஈரத்தைக் கொஞ்சம் உறிஞ்சி வைத்திருக்கும். 180 டிகிரியில் அந்த நீர் ஆவியாகி, ஷீட்டுக்குள் கடுகளவு குமிழிகளாகப் பொங்கும். அதைத் தேய்த்து எடுக்க வழியே இல்லை, ஷீட் வீண். குளச்சல், முட்டம் பக்கம் கடலோரத்தில் வைத்திருந்த ஷீட்டானால் இன்னும் கவனம் வேண்டும். ஃபிலிம் இரண்டையும் உரித்து, கம்பித் தட்டில் இரு பக்கமும் காற்றுப் படும்படி வைத்து, 120 டிகிரியில் சுமார் 4 மணி நேரம் உலர்த்த வேண்டும். அவசரப்பட்டு 2 மணி நேரத்தில் எடுத்துவிடாதீர்கள். உலர்ந்ததா என்று தெரிய, ஷீட்டோடு 5 செ.மீ. துண்டு ஒன்றையும் சேர்த்து உலர்த்துங்கள். முடிந்ததும் அதைத் தனியாக 180 டிகிரியில் 10 நிமிடம் வைத்துப் பாருங்கள். குமிழி வந்தால் ஷீட்டுக்கு இன்னும் நேரம் தேவை. உலர்ந்ததை ஆறவிட்டு மறுநாள் வளைக்கலாம் என்று வைக்கக் கூடாது, திரும்பவும் ஈரம் ஏறிவிடும். தை, மாசி மாதங்களில் இந்த வேலையை வைத்துக்கொண்டால் பாதித் தொல்லை குறையும். ஆனி, ஐப்பசி மழைக்காலத்தில் தொடவே வேண்டாம்.

அச்சுக்குப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் போதும். பழைய கிளாஸை மணலில் சாயாமல் பதித்து, உள்பக்கம் சோப்புக் கரைசல் தடவி, ஒரு கிலோ பிளாஸ்டருக்கு 600 முதல் 700 மி.லி. தண்ணீர் என்ற கணக்கில் கலந்து ஊற்றுங்கள். உள்பக்க அளவில் அச்சு எடுப்பதால், அதன் மேல் பழைய கிளாஸின் கனமே உள்ள ஷீட்டைப் படியவைக்கும்போது வெளிப்பக்க அளவு சரியாக வரும். அச்சை ஒரு வாரம் வெயிலில் காயவையுங்கள். ஈர அச்சு ஷீட்டை அங்கங்கே குளிரவைத்து அலை அலையாக்கிவிடும். குலசேகரம் பக்கத்தில் ரப்பர் பால் எளிதாகக் கிடைக்கிறதே என்று அதில் அச்சுக்கு உறை எடுக்கத் தோன்றும். கெடாமலிருக்க அதில் அம்மோனியா கலந்திருப்பார்கள், அம்மோனியா பாலிகார்பனேட்டை அரிக்கும். அச்சின் மேல் மெல்லிய பருத்தி ஃபிளானல் துணியை இழுத்துக் கட்டுவதே நல்லது, பிளாஸ்டரின் சொரசொரப்பு ஷீட்டில் பதியாது.

அடுத்து அடுப்பு. கிளாஸைவிட ஒவ்வொரு பக்கமும் 5 செ.மீ. கூடுதலாக ஷீட் வெட்ட வேண்டும் என்பதால், நீளமாகப் பின்னோக்கி வளையும் ஹெட்லைட்டுக்கு வீட்டில் கேக் சுடும் மின் அடுப்பான ஓ.டி.ஜி. பற்றாது. பவுடர் கோட்டிங் பட்டறை அடுப்பு பொதுவாக 180 முதல் 200 டிகிரியில் ஓடுவது, அங்கே பேசிப் பாருங்கள். ஓ.டி.ஜி.யின் குமிழ் காட்டும் டிகிரியை நம்பாமல் உள்ளே தனி தெர்மாமீட்டர் வையுங்கள். 180 முதல் 190 டிகிரியில் ஷீட் ஈரத்துணிபோலத் தொய்யும். எடுத்ததும் சில நொடிகளில் இறுகிவிடும் என்பதால் அச்சு அடுப்பின் பக்கத்திலேயே இருக்க வேண்டும், கையுறையோடு இரண்டு பேர் வேண்டும். அச்சின் வெளிக்கோட்டுக்கு வெட்டிய 12 மி.மீ. பிளைவுட் சட்டத்தை மேலிருந்து அழுத்தினால் ஓரம் சுருங்காமல் படியும்.

அக்ரிலிக் இதைவிடச் சாது. உலர்த்தல் பெரிதாகத் தேவையில்லை, 150 முதல் 170 டிகிரியில் நிதானமாக வளையும், ஒளியும் சுமார் 92 சதவீதம் கடக்கும். பாலிகார்பனேட்டில் 88 அளவுதான். ஆனால் களியக்காவிளை சாலையில் ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய டாரஸ் லாரிக்குப் பின்னால் போகும் வண்டிக்கு அக்ரிலிக் கிளாஸ் ஒரு கல்லுக்குத் தாங்காது. 100 டிகிரியை நெருங்கினாலே இளகத் தொடங்கும் என்பதால், 60/55 வாட் ஹாலஜன் பல்ப் கிளாஸுக்கு அருகில் இருக்கும் விளக்கிலும் ஆபத்து. ஒட்டும்போதும் இதே சிக்கல்: பியூட்டைல் கயிறு (கிளாஸை விளக்கோடு ஒட்டும் பிசுபிசுப்பான ரப்பர் பசை) இளகுவதற்காக விளக்கை முழுசாக 100 டிகிரி அடுப்பில் வைப்பது வழக்கம், அக்ரிலிக் அதில் கோணிவிடும்.

பியூட்டைலுக்குப் பதிலாகப் புளிச்ச வாடை வரும் சிலிக்கானைப் பூசுகிறவர்கள் இருக்கிறார்கள். அதிலிருந்து வரும் அசிட்டிக் அமில ஆவி ரிஃப்ளெக்டரின் அலுமினியப் பூச்சைக் கறுக்கவைக்கும். பழைய பசையைத் துளி விடாமல் சுரண்டிவிட்டு, 8 அல்லது 10 மி.மீ. பியூட்டைல் கயிற்றைத் தொடர்ச்சியாகப் பள்ளத்தில் வைத்து அழுத்துங்கள். இணைப்பு அடிப்பக்கம் வரட்டும். பாலிகார்பனேட்டைத் துடைக்கத் தின்னரும் அசிட்டோனும் கூடாது, சோப்புத் தண்ணீர் போதும்.

யு.வி. அடுக்கில்லாத ஷீட்டானால் 2கே கிளியர் கோட் (ஹார்டனர் கலந்து அடிக்கும் நிறமில்லாத பூச்சு) அவசியம், இல்லாவிட்டால் வெயிலில் மஞ்சளாகும். அதில் மூச்சுக்கு ஆகாத ஐசோசயனேட் இருப்பதால் வீட்டில் அடிக்காமல் பெயின்ட் பட்டறையில் கொடுங்கள், பிளாஸ்டிக் பிரைமரோடு. யு.வி. அடுக்குள்ள ஷீட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அந்த அடுக்கே போய்விடும்.

மாட்டியதும் பத்து நிமிடம் ஹோஸில் தண்ணீர் அடித்துப் பாருங்கள். உள்ளே லேசான பனிப்படலம் வந்து விளக்கைப் போட்டதும் மறைந்தால் பரவாயில்லை. துளியாக நின்றால் ஒட்டு விட்டிருக்கிறது, அல்லது விளக்குக்குள் காற்று போய்வரும் குழாயை அடைத்திருக்கிறீர்கள். பழைய விளக்கைக் கழற்றும் முன்பே, 5 மீட்டர் தள்ளிய சுவரில் லோ பீமின் மேல்கோட்டை டேப்பால் குறித்து வைத்திருந்தால், புதிய கிளாஸில் கோடு எவ்வளவு நகர்ந்தது என்று அப்போதே தெரியும். பழைய கிளாஸைத் தூக்கிப் போடாதீர்கள். அங்கீகார முத்திரை அதில்தான் இருக்கிறது, எப்.சி. பார்க்கும் நாளில் அது தேவைப்படலாம்.