கொழும்பு பெட்டாவில வோல்ட் மீற்றர் வாங்கப் போறாக்கள் இதை வாசிச்சிட்டுப் போங்கோ

2022ல ஒரு கட்டத்தில நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினாங்களே, அந்த நேரம் வீட்டில போட்ட 48 வோல்ட் இன்வேர்ட்டர் இன்னும் ஓடுது, 12 வோல்ட் பற்றரி நாலு சீரிஸில. சார்ஜ் எவ்வளவு நிக்குதெண்டு பாக்க ஒவ்வொரு தரமும் மல்டிமீற்றர் தேடி அலுத்துப்போய், சின்ன டிஜிற்றல் டிஸ்ப்ளே ஒண்டு பூட்டுவம் எண்டு போன சனி முதலாம் குறுக்குத் தெருவுக்குப் போனன்.

கடைக்காரர் தந்தது மூண்டு வயர் மீற்றர். சிவப்பு, கறுப்பு, மஞ்சள். பையில 0-100 வோல்ட் எண்டு ஸ்டிக்கர். "48க்குப் போடப் போறன், தாங்குமா?" எண்டு தெளிவாக் கேட்டனான். "நூறு வரைக்கும் போட்டிருக்கே தம்பி, சிவப்பையும் மஞ்சளையும் ஒண்டா முறுக்கி ப்ளஸ்ல குடுங்க, கறுப்ப மைனஸ்ல குடுங்க, முடிஞ்சுது." 9 வோல்ட் பற்றரி ஒண்டில வச்சும் காட்டினார், வடிவா 9.1 காட்டிச்சு. நானும் நம்பி 650 ரூபா குடுத்திட்டு வந்தன்.

வீட்டில குடுத்த உடன டிஸ்ப்ளேல எல்லாக் கோடும் பளிச்செண்டு எரிஞ்சு, டிக் எண்டொரு சத்தம், பிறகு அந்த கருகின நாத்தம். பின்பக்கம் திருப்பிப் பாத்தா மூண்டு கால் ரெகுலேட்டரில (மீற்றருக்கு வோல்டேஜைக் குறைச்சுக் குடுக்கிற பாகம்) ஊசி குத்தின மாதிரி ஓட்டை. பற்றரிக்குப் பக்கத்தில 1 அம்பியர் பியூஸ் போட்டிருந்தபடியா வயர் தப்பிச்சுது.

விசயம் என்னெண்டா, அந்த 100 மஞ்சள் வயருக்கு மட்டும்தான், அது அளக்கிற வயர். சிவப்பு மீற்றருக்கே கரண்ட் குடுக்கிறது, அதுக்கு அனேகமா 4 இலிருந்து 30 வோல்ட் வரைதான். த்ரீவீல் பற்றரிக்கு ரெண்டையும் சேத்துக் கட்டலாம், ஒண்டும் ஆகாது, ஆனா என்ர செற் சும்மா நிக்கேக்கையே 50, சார்ஜ் ஏறேக்க 57க்குக் கிட்டப் போகும்.

திங்கள் கொண்டுபோனா "நீங்க பிழையாக் கட்டிட்டீங்க" எண்டு அதே மனுசன். சொன்னதே நீங்கதானே எண்டா, பில்லில அடிச்ச 'வித்த சாமான் திருப்பி எடுக்கமாட்டம்' எண்ட முத்திரையைக் காட்டுறார். நான் நிக்கேக்கையே இன்னொராளுக்கு வீட்டு 230 வோல்ட் லைன் பாக்க அதே டீசி மீற்றரை நீட்டினார்! அண்ணை வாங்காதேங்கோ, அது பற்றரிக்குத்தான், வீட்டு ஏசி கரண்டுக்கு இல்லை எண்டு நான் சொன்னன், அந்தாள் வச்சிட்டுப் போட்டார். கடைக்காரர் என்னைப் பாத்த பார்வை இருக்கே.

வேற கடையில அதே மாதிரி ஒண்டு வாங்கி, கறுப்பை முழு செற்றின்ர மைனஸ்ல, சிவப்பை அந்த மைனஸ் பக்கத்து முதல் பற்றரின்ர ப்ளஸ்ல, அதாவது 12 வோல்ட்டில, மஞ்சளைக் கடைசி ப்ளஸ்ல குடுத்தன். ஒரு பற்றரி மட்டும் எந்நேரமும் இறங்காம இருக்க சிவப்புக்கு ஒரு புஷ் சுவிட்ச். மல்டிமீற்றரில 50.6, இதில 49.9 காட்டிச்சு, பின்னால இருக்கிற சின்னத் திருகைக் கொஞ்சம் திருப்பச் சரியாப் போச்சு.

கடை பேரை இன்பொக்ஸில கேக்காதேங்கோ, சொல்லமாட்டன். சிவப்புக்கு எத்தினை வோல்ட் எண்டு கேளுங்கோ, முழிச்சா அடுத்த கடைக்குப் போங்கோ.