ராணுவ விடுப்பும் ஜூரி விடுப்பும்: சம்பளம் முழுசா, வித்தியாசம் மட்டுமா, ஒன்றுமே இல்லையா?

அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் மாநிலத்தில், ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தின் பேரோலும் (சம்பளப் பட்டுவாடா) விடுப்பு விதிகளும் என் பொறுப்பு. எங்கள் ஆட்களில் ஒருவர் நேஷனல் கார்டில், அதாவது வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாகப் பணியாற்றும் ராணுவப் படையில், இருக்கிறார். குடியுரிமை வாங்கியவர்கள் கூடக்கூட, வழக்கு விசாரணையில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லக் குடிமக்களை நீதிமன்றம் அழைக்கும் ஜூரி சம்மனும் அடிக்கடி வருகிறது. (இங்கே ஊர்வாசிகள் பட்டியலிலிருந்து பெயர் எடுப்பதால் கிரீன் கார்டுக்காரர்களுக்கும் சம்மன் வரும். குடியுரிமை இல்லை என்று பதில் அனுப்பினால் விட்டுவிடுவார்கள்.) விடுப்பு விதியை எழுத்தில் வைக்க வேண்டிய கட்டாயம் வந்தபோது எங்கள் முன் மூன்று வழிகள் இருந்தன: சம்பளமில்லாத விடுப்பு, முழுச் சம்பளம், அரசு கொடுப்பதைக் கழித்து மீதியை மட்டும் கொடுப்பது. நாங்கள் எடுத்தது மூன்றாவது.

எந்த வழியில் போனாலும் மாறாத விஷயங்கள் உண்டு. ராணுவப் பணிக்குப் போனவரின் வேலையை 1994ஆம் ஆண்டின் 'யூசெரா' சட்டம் காக்கிறது. ஒரே ஒரு ஊழியர் இருக்கும் கடைக்கும் அது பொருந்தும். அவருடைய வருடாந்தர விடுமுறையை இதற்குப் பயன்படுத்தச் சொல்லி நாம் வற்புறுத்த முடியாது. அவராகக் கேட்டால் கொடுக்கலாம். ஜூரிக்குப் போனதற்காக யாரையும் வேலையை விட்டு அனுப்பவும் முடியாது. இதிலெல்லாம் பேச ஒன்றுமில்லை. சம்பளத்தில்தான் கேள்வியே.

சம்பளமில்லாத விடுப்பு மலிவு. ஆனால் ஜூரி விஷயத்தில் அது எங்களுக்குக் கிடைக்கவே கிடைக்காது. மாசசூசெட்ஸ் நீதிமன்றங்களில் ஜூரிக்குப் போனால் முதல் மூன்று நாள் சம்பளத்தை முதலாளிதான் தர வேண்டும். நான்காம் நாளிலிருந்து மாநிலம் நாளுக்கு 50 டாலர் தரும். அப்படியானால் ஜூரிக்குச் சம்பளம், ராணுவப் பயிற்சிக்கு இல்லை என்று எழுதலாமா? பல சின்ன நிறுவனங்களில் இப்படித்தான் இருக்கிறது. எங்கள் முடிவைத் தீர்மானித்த இடமும் இதுதான்.

ஒப்பிடத்தக்க மற்ற விடுப்புகளுக்கு என்ன சலுகை தருகிறோமோ அதையே ராணுவ விடுப்புக்கும் தர வேண்டும் என்கிறது யூசெரா. அந்தச் சலுகையில் சம்பளமும் சேருமா என்பதில் வெகுநாள் இழுபறி. 2021இல் யுனைடெட் ஏர்லைன்ஸ், ஃபெடெக்ஸ் இரண்டின் மீதும் நடந்த வழக்குகளில் இரண்டு மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் 'சேரும்' என்றன. ஜூரிக்குச் சம்பளம் தருகிறாயே, குறுகிய ராணுவ விடுப்புக்கு ஏன் தரவில்லை என்று ஊழியர் கேட்கலாம் என்று ஆகிவிட்டது. இரண்டும் ஒப்பிடத்தக்கவையா என்பதை எத்தனை நாள், என்ன நோக்கம், எப்போது போவது என்பது ஊழியர் கையில் இருக்கிறதா என்று பார்த்து முடிவு செய்வார்கள். அதில் நாட்கணக்குக்குத்தான் எடை அதிகம். அந்த இரண்டு நீதிமன்றங்களும் எங்கள் மாநிலத்தைக் கட்டுப்படுத்துபவை அல்ல. இருந்தாலும் வழக்கறிஞருக்குக் கொடுக்கும் பணத்தை ஊழியருக்கே கொடுத்துவிடலாமே என்பது என் கணக்கு.

வித்தியாசத் தொகையின் அழகு, இரண்டு விடுப்புக்கும் ஒரே வரி போதும் என்பது: 'சம்பளம், கழித்தல், அந்த நாட்களுக்கு அரசு கொடுத்தது.' மாநில ஜூரியின் முதல் மூன்று நாளில் அரசு ஒன்றும் தராது, ஆகவே முழுச் சம்பளம். நான்காம் நாள் 50 டாலர் கழியும். இரண்டு வார வருடாந்தரப் பயிற்சிக்கு ராணுவ அடிப்படைச் சம்பளம் கழியும். வீட்டு வாடகைப் படியை நாங்கள் தொடுவதில்லை. ஓவர்டைம் கிடையாத சம்பள ஊழியர்களுக்கு மத்திய ஊதிய விதியும் இதே கணக்கைத்தான் போடுகிறது. அவர் அந்த வாரத்தில் கொஞ்சமாவது வேலை செய்திருந்தால், ஜூரிக்கோ தற்காலிக ராணுவப் பணிக்கோ போன நாளுக்குச் சம்பளத்தைப் பிடிக்கக் கூடாது. அவருக்குக் கிடைத்த ஜூரிப் படியையோ ராணுவச் சம்பளத்தையோ மட்டும் ஈடு செய்துகொள்ளலாம்.

தொல்லையும் உண்டு. ராணுவச் சம்பளச் சீட்டு எங்கள் சம்பளத் தேதிக்கு வந்து சேராது. பிறகுதான் சரிக்கட்ட வேண்டும். முழுச் சம்பளத்தில் இந்த வேலையே இல்லை, பெரிய கம்பெனிகளுக்கு அதுதான் வசதி. எங்களைப் போன்றவர்களுக்கு, அவர் இடத்தில் தற்காலிகமாக ஒருவரை வைக்க அந்த மிச்சப் பணம் வேண்டும். இன்னொன்று: 30 நாளுக்கு மேல் போகும் பணியில் வித்தியாசத் தொகைக்கு வருமான வரி பிடிக்க வேண்டும், சோஷியல் செக்யூரிட்டி (அரசு ஓய்வூதியம்), மெடிகேர் (முதியோர் மருத்துவக் காப்பீடு) பிடித்தம் கூடாது. பேரோல் மென்பொருளில் இதைத் தனி இனமாகப் போட்டு வையுங்கள்.

நீண்ட பணி அழைப்பு எங்களுக்கு இன்னும் வந்ததில்லை. வருடக்கணக்கில் வித்தியாசம் கொடுத்தால் தாங்குமா என்று அனுபவத்தில் சொல்ல என்னால் முடியாது. அதனால் அதற்கு ஒரு உச்சவரம்பு போட்டிருக்கிறோம். 18 மாதம் வரை நீளக்கூடிய ஃபெடரல் கிராண்ட் ஜூரிக்கு (குற்றம் சாட்டலாமா என்று முடிவு செய்யும் மத்திய நீதிமன்ற ஜூரி) எங்களில் யாரும் போனதில்லை. அங்கே நாள்படி 50 டாலரில் தொடங்குகிறது, நம் மூன்று நாள் விதியும் பொருந்தாது.

கலிபோர்னியாவில் இருந்தால் வேறு கணக்கு. அங்கே ஜூரிக்குச் சம்பளம் தரத் தனியார் முதலாளிக்குக் கட்டாயம் இல்லை. நீதிமன்றமும் முதல் நாளுக்கு ஒன்றும் தராமல் இரண்டாம் நாளிலிருந்து 15 டாலர்தான் தருகிறது. இந்த விதியை அப்படியே எடுத்தால் ஜூரி விஷயத்தில் கிட்டத்தட்ட முழுச் சம்பளமே உங்கள் தலையில் விழும். எத்தனை நாள் வரை என்பதை இரண்டு விடுப்புக்கும் பொதுவாக முதலிலேயே எழுதிவிடுங்கள்.